ஆறாவது வேலைநாளும் தம்பி மகளும்

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எங்கள் ஊர். பாலக்காடு மாவட்டம்தான், ஆனால் வீடு, தோப்பு, சந்தை எல்லாம் தமிழ். நான் ஒரு அரசுப் பள்ளியில் தமிழ்வழி எல்.பி. டீச்சர், அதாவது சின்ன வகுப்புகளுக்கு. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டுச் சண்டையில் நான் எதற்காக அப்படிக் கத்தினேன் என்பதில் எனக்கே இன்னும் சந்தேகம் உண்டு.

தம்பி கோவைக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறான். அவன் மகளை 2020இல் எங்கள் பள்ளியில் ஒன்றாம் வகுப்பில் சேர்த்தோம். கொரோனாக் காலம், பிள்ளை பள்ளிக் கட்டடத்தைக்கூடப் பார்க்கவில்லை. அவளுக்கு டீச்சர் என்றால் போனில் வரும் ஒரு குரல்தான். என்னோடு வேலை பார்த்தவர், தினமும் சாயந்திரம் ஆடியோவில் கதை சொல்லி அனுப்புவார். 2021 நவம்பர் 1 அன்று கேரளாவில் பள்ளிகள் திறந்தன. தம்பி, "நான் அனுப்பலக்கா. ஊட்லயே படிக்கட்டும்" என்றான்.

அன்றைக்கு ராத்திரி யாரும் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. அப்பாவுக்குப் படிப்பைவிட ஊர் வாய்தான் பயம். "டீச்சர் ஊட்டுப் பிள்ளையே இஸ்கூலுக்குப் போகலீன்னா, சந்தையில என்னத்தச் சொல்லுவேன்?" அம்மாவுக்கு வேறு கவலை: சத்துணவு, கூட்டாளிப் பிள்ளைகள், பொங்கலுக்குக் கும்மியடிக்க நாலு பேர். தம்பி போனை நீட்டி சட்டம் பேசினான். கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கிறது, 6 முதல் 14 வயது வரை பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோர் கடமை என்றும் சொல்கிறது, ஆனால் சேர்க்காத பெற்றோருக்கு அதில் தண்டனை எதுவும் கிடையாது என்றான். அது உண்மைதான். வீட்டுக்கல்வி என்று ஒரு ஏற்பாடும் அந்தச் சட்டத்தில் இல்லையே என்றேன் நான். அதுவும் உண்மைதான். 14 வயது ஆனதும் தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்பு எழுதலாம், அஞ்சு பாடம் போதும், தமிழையும் எடுக்கலாம், அஞ்சு வருஷத்தில் ஒன்பது தடவை எழுத வாய்ப்பு உண்டு என்று அடுக்கினான். "ஒன்பது தடவை எழுதறதுக்காடா பிள்ளையப் பெத்தே?" என்றார் அப்பா.

இவ்வளவும் நடக்கும்போது தம்பி மனைவி அடுப்படியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். தம்பி மீட்டிங்கில் உட்கார்ந்தால் பகல் முழுக்கப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கப்போவது அவள்தான். அவளிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும்தான்.

இப்போது என் சங்கதி. கேரளாவில் ஜூனில் பள்ளி திறந்து ஆறாவது வேலைநாளில் தலை எண்ணுவார்கள். அந்த எண்ணிக்கையை வைத்துத்தான் ஒரு வகுப்புக்கு எத்தனை டிவிஷன் (பிரிவு), எத்தனை டீச்சர் என்று தீர்மானம் ஆகும். எல்லையோரத் தமிழ்வழி டீச்சர்களுக்கு ஜூன் மாதம் என்றாலே வயிற்றைக் கலக்கும். ஆட்டோ பிடித்து வீடு வீடாகப் போய்ப் பிள்ளை கேட்போம். அப்படி ஊரெல்லாம் பிள்ளை கேட்கிற எனக்கு என் தம்பி மகளே இல்லை. "பிள்ளை எதிர்காலம்" என்று நான் கத்தியதில் பாதி அவளுடைய எதிர்காலம், பாதி எங்கள் டிவிஷனுடையது.

2022 ஜூனில் எண்ணிக்கை ஒன்று குறைந்தது. ஒன்றே ஒன்று. முந்தின நாள் ராத்திரி தம்பி வந்து, "வேணும்னா பேரு மட்டும் போட்டுக்கக்கா. நாளைக்கு ஒரு நாள் கூட்டியாந்து உட்கார வெக்கறேன்" என்றான். நல்ல மனசில்தான் சொன்னான். நான் மாட்டேன் என்றேன். ஒரு நாள் உட்கார வைத்து எண்ணச் சொல்வதற்கு அவள் என்ன தேங்காயா? டிவிஷன் போனது. ஆடியோவில் கதை சொன்ன அந்த டீச்சர் வேறு ஊருக்குப் போனார். ஒரு மாதம் தம்பியோடு நான் பேசவில்லை.

பேச வைத்தது பிள்ளைதான். ஒரு நாள் பஸ் ஸ்டாண்டில் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றவள், கேரளா பஸ் வந்தால் மலையாளப் போர்டையும் தமிழ்நாடு பஸ் வந்தால் தமிழ்ப் போர்டையும் மளமளவென்று படித்தாள். மலையாளம் யார் சொல்லிக்கொடுத்தது என்றேன். "பஸ்ஸுதான்" என்றாள். ஆனால் பக்கத்தில் நின்ற ஒரு சிறுமி "உம்பேரென்ன?" என்று கேட்டதும் என் முந்தானைக்குள் ஒளிந்துகொண்டாள். தம்பி சொன்னதும் சரி, அம்மா பயந்ததும் சரி.

*

டீச்சரம்மா எழுதியதைப் படித்துவிட்டு நகரியிலிருந்து எழுதுகிறேன். 1960இல் திருத்தணி தமிழ்நாட்டுக்குப் போனது, நாங்கள் இந்தப் பக்கம் ஆந்திராவிலேயே நின்றுவிட்டோம். வீட்டில் தறி ஓடுகிறது.

என் மகன் ஏழாவது படிக்கும்போது தினமும் காலையில் யூனிஃபார்மைப் பார்த்தாலே வாந்தி எடுப்பான். நிறுத்திவிட்டோம். வீட்டுக்காரரின் அண்ணன் ஒரு வருஷம் எங்கள் வாசப்படி மிதிக்கவில்லை. டீச்சரம்மா சொன்ன அதே திறந்தநிலைப் பள்ளியில்தான் பத்து எழுதினான். தமிழ் எழுத்து மாமியார் சொல்லிக்கொடுத்தது, தறிச் சத்தத்துக்கு மேல் கத்திக் கத்தி. அதனால் அவனும் இன்றைக்கு வரைக்கும் தமிழைக் கத்தித்தான் படிப்பான். கணக்கு முதல் தடவை போய்விட்டது, அக்டோபரில் மறுபடி எழுதித் தேறினான். மார்க் ஷீட்டைக் காட்டியதும் பெரியப்பா வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார், கள்ள நோட்டைப் பார்ப்பதுபோல. "ஒரிஜினல்தானா?" என்றார். அப்புறம் காபி குடித்தார்.

*

டீச்சரம்மா, உங்க தம்பி மனைவி என்னதான் நினைக்கிறாங்க? அதை நீங்க எழுதவே இல்லையே.

*

நீங்கள் கேட்ட பிறகுதான் நானே போய்க் கேட்டேன். "சொல்லிக்கொடுக்கறது புடிச்சிருக்குதுக்கா. வாரத்துல ஒரு நாள் யாராச்சும் பாத்துக்கிட்டாப் போதும், நான் கொஞ்சம் தூங்கிக்குவேன்" என்றாள். இவ்வளவுதான் அவள் கேட்டது.

இப்போது சனிக்கிழமைகளில் பிள்ளை என் வீட்டில். போன வாரம் என் பழைய போனில் அந்த ஆடியோக்களைக் கண்டுபிடித்துக் கேட்டுவிட்டு, "இந்த டீச்சர் எங்க போய்ட்டாங்க அத்தை?" என்றாள். ஊர்ப் பெயரைச் சொன்னேன்.

"அந்தப் போர்டு போட்ட பஸ் எத்தன மணிக்கு வரும்?"