மேடு ஏறும்போது மட்டும் மிஸ்ஃபயர், அடுத்து எதைப் பார்ப்பது?

வணக்கம் நண்பர்களே. பழைய பெட்ரோல் கார், 4 சிலிண்டர், ஒவ்வொன்றுக்கும் தனித்தனி இக்னிஷன் காயில் (பிளக்கில் பொறி வர உயர் வோல்டேஜ் தருவது). ஐடிலில் சீராக ஓடுகிறது, சமதளத்தில் மெதுவாகப் போனாலும் குறையில்லை. மேட்டில் டாப் கியரில் ஆக்ஸிலேட்டரை அழுத்தினால்தான் வண்டி உதறுகிறது, இழுவையும் விழுகிறது. காலை எடுத்தால் உடனே சரியாகிவிடும்.

ஸ்கேனரில் வரும் கோளாறு எண் பி0302, அதாவது 2-ஆவது சிலிண்டரில் மிஸ்ஃபயர் (பெட்ரோல் சரியாக எரியாமல் போவது). லோடு ஏறும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும், பொறி பாய அதிக வோல்டேஜ் வேண்டும் என்பதால் இக்னிஷன் மேல்தான் முதல் சந்தேகம். முனை இடைவெளியை அளந்து புது பிளக்குகள் போட்டேன். 2-ஆவது காயிலை 3-ஆவதோடு மாற்றியும் பார்த்தேன். கோளாறு எண் 3-ஆவது சிலிண்டருக்கு நகரவே இல்லை. பிளக் குழிகளில் ஆயில் இல்லை.

அப்புறம் கம்ப்ரஷன் (சிலிண்டர் அழுத்தம்) சோதித்தேன், நான்கிலும் கிட்டத்தட்ட ஒரே அளவு.

மிச்சம் இன்ஜெக்டர் (பெட்ரோலைத் தெளிப்பது) அல்லது வயரிங் என்று நினைக்கிறேன். ஃபியூவல் பம்ப் தளர்ந்திருந்தால் எல்லா சிலிண்டரும் தடுமாற வேண்டுமே. ஆனாலும் ஓட்டத்தில் பிரஷர் பார்க்காமல் அதை ஒதுக்க மனமில்லை.

இன்ஜெக்டரை இடம் மாற்றிப் பார்க்கலாமா, இல்லை காயில் கனெக்டரையும் கிரவுண்டையும் முதலில் சோதிக்கட்டுமா? வால்வ் ஸ்பிரிங் தளர்ந்தாலும் இப்படி வருமா? உதறும்போது செக் இன்ஜின் விளக்கு சிமிட்டுகிறது. எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் கெடுத்துவிடும் என்பதால் வண்டியை எடுக்காமல் வைத்திருக்கிறேன். இதே கோளாறைக் கண்டுபிடித்தவர்கள் எந்த வரிசையில் போனீர்கள் என்று சொல்லுங்கள்.