தேவாங்கின் கண்ணுக்கு எதை ஒட்டலாம்?

வணக்கம். திண்டுக்கல் பக்கம் ஒரு பள்ளியில் யுகேஜி வகுப்பு எடுக்கிறேன். இந்த வாரம் இரவில் நடமாடும் விலங்குகள். முட்டை அட்டையில் ஆந்தை முகம், கிழிந்த குடைத்துணியில் வௌவால் இறக்கை எல்லாம் செய்தாயிற்று. ஆந்தையால் கண்ணை உருட்ட முடியாது, கழுத்தைத்தான் திருப்பும் என்றேன். உடனே வகுப்பே கழுத்தைத் திருப்ப, ஒருத்தி பெஞ்சிலிருந்து விழுந்தே விட்டாள்! (அடியெல்லாம் இல்லை.)

சிக்கல் தேவாங்கில்தான். கடவூர்க் காடு 2022-இல் தேவாங்குக்கென்றே சரணாலயமானது. இவ்வளவு பக்கத்தில் இருப்பதை விட்டுவிட மனசில்லை. தேங்காய் நாரில் உடம்பு நன்றாக வருகிறது. வால் கிடையாது என்பதால் வேலையும் மிச்சம். ஆனால் டார்ச் அடித்தால் மினுங்குகிற அந்தப் பெரிய கண்ணுக்கு எதை ஒட்டுவது? சாக்லேட் தாள் கசங்கிப் போகிறது.

அப்புறம், தேவாங்கு ஆகாது என்று வீட்டில் சொல்லியிருப்பார்கள் போல. ஒரு பையன் தான் செய்த பொம்மையை எடுத்துப்போக மாட்டேன் என்று பெஞ்சடியில் ஒளித்துவிட்டான். அந்தப் பயம் போக ஒரு குட்டிக் கதையோ விளையாட்டோ தெரிந்தால் சொல்லுங்களேன். வெள்ளிக்கிழமைக்குள் கிடைத்தால் நல்லது.