உம்கேனி, தூகேலா, உம்கோமாசி: மஞ்சள்மீன் மரபணு ஒப்பீட்டுக்கு எங்கே, எத்தனை மீன் எடுப்பது?

கேனிக்கரை (டர்பன்):
வணக்கம். தூண்டில்காரர்கள் ‘ஸ்கேலி’ என்று சொல்லும் மஞ்சள்மீன், அதாவது லேபியோபார்பஸ் நட்டாலென்சிஸ், தென்னாப்பிரிக்காவின் குவாசூலு-நட்டாலில் ஓடும் இந்த மூன்று ஆறுகளில் ஆற்றுக்கு ஆறு மரபணுவில் வேறுபடுகிறதா என்று பார்க்க வேண்டும். முதுகலை ஆய்வுக்காக. ஆற்றுக்கு 5 மீன் எடுக்கத் திட்டம். உம்கேனியில் மட்டும் மிட்மார் அணைக்கு மேலே, பாலத்தடியில் எடுப்பது சுலபம். மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள சைட்டோகுரோம் பி மரபணுவோடு 10 மைக்ரோசாட்டிலைட்டும் (நீளம் மாறுபடும் சிறு டிஎன்ஏ தொடர்கள்) பார்க்க எண்ணம். எங்கே சறுக்கும்?

மடுவும் ஓட்டமும்:
முதலில் இடத்தை மாற்றுங்கள். மிட்மாருக்கு மேலே ஓடுவது உம்கேனித் தண்ணீர் மட்டுமல்ல. தூகேலாவின் கிளையான மூயி ஆற்றிலிருந்து, மேர்ன்ஸ், ஸ்பிரிங் குரோவ் அணைகள் பக்கம் இறைக்கும் தண்ணீர், லயன்ஸ் ஆறு வழியாக அங்கேதான் வந்து சேர்கிறது. தண்ணீரோடு முட்டையும் குஞ்சும் வர வழியுண்டு. அங்கே எடுத்த மீனில் தூகேலா வகை தெரிந்தால், அது பழைய உறவா, குழாய் வழி வந்ததா என்று உங்களால் பிரிக்கவே முடியாது. மிட்மாருக்குக் கீழே ஹோவிக் அருவி 95 மீட்டர் செங்குத்து, மீன் ஏறாது. ஆகவே உம்கேனியில் இரண்டு இடம் வேண்டும்: அருவிக்குக் கீழே ஒன்று, லயன்ஸ் ஆறு சேரும் இடத்துக்கு மேலே ஒன்று. பெரிய அணை இல்லாத உம்கோமாசி நல்ல ஒப்பீடு, அதை விடாதீர்கள்.

5 மீன் போதவே போதாது. பத்தில் ஒரு மீனிடம் இருக்கும் ஒரு ஹேப்ளோடைப் (தாய்வழி மரபணுவின் ஒரு வடிவம்) 5 மீனில் சிக்காமல் போக 59 சதவீத வாய்ப்பு. 20 மீன் எடுத்தால் 12 சதவீதம், 30 எடுத்தால் 4. ‘இந்த ஆற்றில் இந்த வகை இல்லை’ என்று எழுத வேண்டுமானால் இடத்துக்கு 30 பிடியுங்கள். ஆனால் முப்பதையும் ஒரே மடுவில் வலை போட்டு எடுக்காதீர்கள். விரல் நீளக் குஞ்சுகளாக ஒரே இடத்தில் பிடித்தால் பாதி உடன்பிறப்புகளாக இருக்கக்கூடும், இல்லாத வேறுபாடு எண்ணில் பெரிதாகத் தெரியும். சில கிலோமீட்டருக்குள் மூன்று நான்கு இடங்களில், வெவ்வேறு அளவு மீனாக எடுங்கள்.

துடுப்பில் துவரம்பருப்பு அளவு வெட்டினால் போதும், மீனை உயிரோடு விடலாம். 2 மில்லி குப்பியில் 96 சதவீத எத்தனால் நிரப்பி, மறுநாள் ஒருமுறை மாற்றுங்கள், திசுவின் நீர் எத்தனாலை நீர்த்துப்போகச் செய்யும். தடித்த தாளில் பென்சிலால் எண் எழுதிக் குப்பிக்குள்ளேயே போடுங்கள். பேனா மை எத்தனாலில் கரைந்து ஓடிவிடும். ஒவ்வொரு மீனுக்குப் பின்னும் கத்தரியைத் துடைத்துச் சுட வேண்டும்.

எஸெம்வெலோ (மாகாண வனவிலங்குத் துறை) அனுமதியும் பல்கலைக்கழக விலங்கு நெறிக் குழு ஒப்புதலும் கையில் இல்லாமல் ஆற்றில் இறங்காதீர்கள்.

கல்லடிமீன்:
மைக்ரோசாட்டிலைட் பற்றி ஒன்று. லேபியோபார்பஸ் வழக்கமான இரண்டுக்குப் பதில் ஆறு தொகுதி குரோமோசோம் கொண்டது, மொத்தம் சுமார் 150. ஒரே மீனில், ஒரே மைக்ரோசாட்டிலைட்டில் மூன்று, நான்கு உச்சிகள் (வரைபடத்தில் ஒவ்வொரு வடிவத்துக்கும் ஒன்று) வந்தால் மாசு என்று தூக்கிப் போடாதீர்கள். இரண்டு உச்சி மட்டும் எண்ணி ஹார்டி-வெயின்பர்க் சோதனை (மரபணு வடிவங்கள் எதிர்பார்த்த விகிதத்தில் உள்ளனவா என்ற கணக்கு) போட்டால் கணக்கே தப்பு. முதலில் 8 மீனில் சோதித்து, இரண்டுக்கு மேல் தராத மைக்ரோசாட்டிலைட்டுகளை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், அல்லது ஒவ்வொரு உச்சியையும் ‘உண்டு, இல்லை’ என்று பதியுங்கள்.

கேப் பகுதி ஆய்வுகளின் விளக்கத்தை அப்படியே இங்கே ஒட்ட வேண்டாம். அங்கே சுமார் 20,000 ஆண்டுக்கு முன் கடல் 120 மீட்டர் அளவு இறங்கியபோது அகல்ஹாஸ் கடல்மேடை (கரையை ஒட்டிய ஆழமில்லாத கடலடி) வெளிப்பட்டு, இன்று பிரிந்திருக்கும் ஆறுகள் அதில் ஒன்று சேர்ந்தன. தெற்கு நட்டாலில் கடல்மேடை குறுகல், ஆறுகள் சேர இடமில்லை. இங்கே ஒரே ஹேப்ளோடைப் இரு ஆற்றில் வந்தால், மலைப்பக்கம் ஓர் ஓடையை அடுத்த ஆறு அரித்து இழுத்துக்கொண்டதா என்று முதலில் பாருங்கள்.

உதட்டுத் தடிப்பை வைத்தும் வகை பிரிக்காதீர்கள். இந்த மீனில் ஒரே ஆற்றிலேயே தடித்த உதடும் மெல்லிய உதடும் உண்டு.

கேனிக்கரை:
நன்றி. மூயியில் எடுக்கும் மீனைத் தூகேலாவோடு சேர்த்து எண்ணலாமா?

மடுவும் ஓட்டமும்:
வேண்டாம், தனிக் குழுவாக வையுங்கள். உம்கேனிக்குள் வந்தது எது என்று காட்ட அந்த மூல மீன்தான் சான்று. சைட்டோகுரோம் பி தாய்வழி மட்டுமே காட்டும், கலப்பைப் பார்க்க இரு பெற்றோரிடமிருந்தும் வரும் நியூக்ளியர் (உட்கரு) மரபணு ஒன்றாவது கூடவே இருக்கட்டும்.