73939133-க்கு ஒரு பெயர்: கடைக்குறையா, வால்வெட்டா?

மண்டபத்திலிருந்து:

குழுவினருக்கு வணக்கம். வெள்ளிக்கிழமை எங்கள் பள்ளியில் கணிதக் கண்காட்சி. எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் 73939133 என்ற எண்ணை எடுத்திருக்கிறார்கள். இது பகா எண். கடைசி இலக்கத்தை வெட்டினால் 7393913, அதுவும் பகா எண். வெட்டிக்கொண்டே போனால் 739391, 73939, 7393, 739, 73, 7. எல்லாமே பகா எண்கள். பதின்ம முறையில் இப்படிப்பட்டவை மொத்தமே 83தான், அவற்றில் பெரியது இது.

நேற்று பனையோலை நறுக்கில் எழுதி, வலப்பக்கமிருந்து கத்தரிக்கோலால் வெட்டிக் காட்டினேன். முன்வரிசைப் பையன் ஒருவன், "வாளை மீனை வாலிலிருந்து துண்டு போடுற மாதிரி இருக்கு டீச்சர், ஆனா மீன் சாகவே மாட்டேங்குது" என்றான். இந்த வகை எண்ணுக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம்? புதனுக்குள் அட்டை எழுதியாக வேண்டும்.

தேவிபட்டினத்திலிருந்து:

டீச்சர், பெயர் நன்னூலிலேயே இருக்கிறது. தாமரை 'மரை' ஆனால் முதற்குறை, ஓந்தி 'ஓதி' ஆனால் இடைக்குறை, நீலம் 'நீல்' ஆனால் கடைக்குறை. குறைந்தாலும் சொல் சொல்லாகவே நிற்கிறது. உங்கள் எண்ணும் குறையக் குறையப் பகா எண்ணாகவே நிற்கிறது. ஆகவே கடைக்குறைப் பகா எண். இடப்பக்கமிருந்து வெட்டினால் நிற்பவை முதற்குறைப் பகா எண்கள். அவற்றில் சுழியம் இல்லாதவற்றுள் பெரியதற்கு 24 இலக்கம்: 357686312646216567629137. ஒரு சொல் கேட்டீர்கள், ஒரு குடும்பமே கிடைத்துவிட்டது.

பழந்தமிழில் குறைத்தலுக்கு வெட்டுதல் என்றும் பொருள். சங்கப் பாட்டில் வரும் கொழுங்குறை, கொழுத்த ஊன்துண்டு. பையன் சொன்ன மீன்துண்டும் குறைதான்! குறு, குறில், குறள், குறுகு எல்லாவற்றையும் சேர்த்து நாளை தனி மடல் எழுதுகிறேன்.

கீழக்கரையிலிருந்து:

ஐயா, சொல் அழகுதான். வகுப்பில் இடிக்குமே. நம் பாடநூலில் −5 குறை முழு. 'குறைப் பகா எண்' என்று கேட்டதும் பிள்ளை முன்னால் கழித்தல் குறி போட்டுவிடும். அப்புறம், கடைக்குறையில் பொருள் மாறாது. நீல் என்றாலும் நீலம்தான். 739 எப்படி 73939133 ஆகும்? பையன் வாயில் வந்ததையே வையுங்கள்: வால்வெட்டுப் பகா எண்.

தலைமன்னாரிலிருந்து:

இலங்கைக் கரையில் −5 மறை எண். ஆகவே குறை எங்களுக்கு இடிக்காது. ஆனால் பகா எண் இங்கே முதன்மை எண். முதற்குறை முதன்மை எண் என்று ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

மண்டபத்திலிருந்து:

கடைக்குறைப் பகா எண் என்றே எழுதிவிட்டேன். நான்கு பேர் தனிமடலில் அதையே கேட்டார்கள். மதிப்பு மாறினாலும் இனம் மாறவில்லை, எனக்கு அது போதும்.

பிள்ளைகளுக்கு இப்போது வேறு கவலை: வால் ஏன் இதற்குமேல் வளரவில்லை? இரட்டைப்படையும் 5-உம் உடனே அடிபட்டன. 1 சேர்த்தால் இலக்கக் கூட்டுத்தொகை 39, 7 சேர்த்தால் 45, இரண்டும் 3-ஆல் வகுபடும். மிச்சம் 3-உம் 9-உம். அவற்றுக்குக் காரணி தேடி மதியச் சோற்றைக்கூட மறந்து வகுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

கீழக்கரையிலிருந்து:

நான் இன்னும் ஒப்பவில்லை டீச்சர். அட்டையின் அடியில் சின்ன எழுத்திலாவது 'வால்வெட்டு' என்று போடுங்கள். அந்தப் பையன் வந்து பார்ப்பான்.