கொரிய கிராமத்தில் இரண்டு நாள்: மேளக்கொட்டும் சமையலும் ஒரே இடத்தில் கிடைக்குமா?

சுவோன்வாசி:
சியோல் பக்கத்துச் சுவோன் நகரத்துக்கு வேலைக்கு வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. ஹன்போக் என்ற கொரிய மரபு உடையை வாடகைக்கு எடுத்து அரண்மனை வாசலில் படம் எடுத்தாயிற்று, சியோலில் ஒரு மணி நேர கிம்ச்சி வகுப்புக்கும் போயாயிற்று. அந்த வகுப்பைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும்: கோஸை அவர்களே உப்பில் ஊறவைத்து, மசாலாவையும் அவர்களே கலந்து வைத்திருந்தார்கள், நாங்கள் தடவினோம், கை தட்டினோம், வெளியே வந்துவிட்டோம். எனக்கு வேண்டியது அது இல்லை. நிஜமான ஒரு கிராமத்தில், அங்கிருப்பவர்கள் தங்களுக்காகச் சமைக்கும்போதும் மேளம் கொட்டும்போதும் கூட இருக்கவேண்டும். எங்கே போகலாம், எந்த மாதம்? நான் சைவம், கொரிய மொழி, கடையில் சாமான் வாங்கும் அளவுக்குத்தான் வரும். ஊரில் கொஞ்ச நாள் தவில் கற்றுக்கொண்டு பாதியில் விட்டவன், அதனால் தாளம் என்றால் காது தானாகத் திரும்பும்.

ஜொன்ஜுக்காரன்:
தம்பி, இடத்தை அப்புறம் பார்க்கலாம், முதலில் நாளைப் பிடியுங்கள். சந்திர நாட்காட்டியின் முதல் பௌர்ணமி, ஜொங்வொல் தேபொரும் என்பார்கள், பிப்ரவரியிலோ மார்ச் தொடக்கத்திலோ வரும். நீங்கள் கேட்ட இரண்டும் அன்றைக்குத்தான் ஒரே வாசலில் நிற்கும். கிராமத்துக் கொட்டுக் குழு வீடு வீடாகப் போய் மண்ணை மிதித்து ஆடும். வெறும் வாசலோடு போய்விட மாட்டார்கள். கிணற்றடியில் நின்று கொட்டுவார்கள், அடுப்புத் தெய்வத்துக்காக சமையலறையில் கொட்டுவார்கள், பிறகு கொல்லையில் ஜாடிகள் வரிசையாக இருக்கும் மேடைக்குப் போய் அந்த வருடத்து ஜாங், அதாவது சோயாவைப் புளிக்கவைத்துச் செய்யும் சாஸும் விழுதும், நன்றாக விளையவேண்டும் என்று கொட்டுவார்கள். யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் 2014-இல் இந்த மேளக்கொட்டை ஏற்றினார்கள், ஜாங் செய்வதை 2024-இல் ஏற்றினார்கள். காகிதத்தில் பத்து வருட இடைவெளி, கொல்லையில் பத்து அடி கூட இல்லை.

ஜொன்புக் மாகாணத்தில் இம்சில் பக்கம் பில்போங் என்று ஒரு ஊர் இருக்கிறது, நொங்அக்குக்கு, அதாவது உழவர் கொட்டுக்குப் பேர் போன ஊர். தேபொருமுக்கு அங்கே பெரிதாக நடத்துவார்கள், மற்ற நாட்களில் கற்றுக்கொடுக்கவும் செய்கிறார்கள். தவில் பழகிய கைக்கு ஜாங்கு மேளம் பிடிக்கும். உடுக்கையைப் பெரிதாக்கிப் படுக்க வைத்த மாதிரி இடுப்பு ஒடுங்கியது, வலது கையில் மெல்லிய மூங்கில் குச்சி, இடது கையில் நுனியில் உருண்டை வைத்த குச்சி. முதல் நாள் குச்சியையே தரவில்லை எனக்கு, தொடையில் தட்டி வாயால் சொல்லச் சொன்னார்கள்: தொங், தொக், குங், தொரொரொரொ. நம் சொற்கட்டுதான் என்று எனக்கு ஒரே சிரிப்பு. ஆனால் ஒன்று, தவில்காரருக்கு வரும் திமிரில் வேகம் காட்டாதீர்கள். அங்கே இழுத்துப் போகிறவர் க்வெங்குவாரி என்ற சின்ன வெண்கலத் தட்டு வைத்திருப்பவர், நம் வேலை அவர் பின்னால் நடப்பது. நடந்துகொண்டே, குதித்துக்கொண்டே கொட்டவேண்டும், அங்கேதான் எனக்கு மூச்சு வாங்கியது.

மருமகள்_சுன்சாங்:
நான் கல்யாணம் செய்து வந்த வீடு சுன்சாங்கில், கோச்சுஜாங் என்ற மிளகாய் விழுதுக்குப் பேர் போன ஊர். அண்ணா சொன்ன அதே பருவத்தில்தான் எங்கள் வீட்டில் ஜாங் போடுவோம், குளிரில் போட்டால் உப்பு குறைவாகப் போதும். வேகவைத்த சோயாவை இடித்துக் கட்டியாக்கி, வைக்கோலில் கட்டித் தொங்கவிட்டு புளிக்கவைத்த மேஜுவை ஜாடியில் அடுக்கி உப்புத் தண்ணீர் ஊற்றவேண்டும். உப்பு சரியா என்று பார்க்க மாமியார் ஒரு முட்டையைப் போடுவார், தண்ணீருக்கு மேல் 500 வொன் நாணயம் அளவுக்குத் தெரிந்தால் சரி. மேலே காய்ந்த மிளகாய், கரித்துண்டு, இலந்தை மாதிரி ஒரு பழம். ஒன்றரை இரண்டு மாதம் கழித்துப் பிரித்தால் தண்ணீர் சோயா சாஸ், கட்டி தெவென்ஜாங், அதாவது சோயா விழுது. இதெல்லாம் இரண்டு நாளில் முடிகிற வேலை இல்லை, நீங்கள் ஒரு துண்டைத்தான் பார்ப்பீர்கள், அதற்கு மனதைத் தயார் பண்ணிக்கொள்ளுங்கள்.

கிம்ஜாங், அதாவது குளிர்காலத்துக்கு மொத்தமாகக் கிம்ச்சி போடுவது, வேண்டுமென்றால் நவம்பர் கடைசி. போன தடவை 100 கோஸ். இராத்திரி எழுந்து உப்பில் கிடக்கும் கோஸைத் திருப்பிப் போடுவதுதான் கிம்ஜாங்கின் பாதி, அதை எந்த வகுப்பிலும் காட்ட மாட்டார்கள். பாட்டு? கோஸ் தடவும்போது எங்கள் வீட்டில் யாரும் பாடுவதில்லை, டிவியில் ட்ரொட் என்ற பழைய பாணிச் சினிமாப் பாட்டு மாதிரி ஜனரஞ்சகப் பாட்டைப் போட்டுவிட்டு பக்கத்து வீட்டுக் கதை பேசுவார்கள்.

காதுகுத்து:
எல்லோரும் கிராமம் கிராமம் என்கிறீர்கள், உண்மையைச் சொன்னால் பல ஊரில் எழுபது தாண்டியவர்கள்தான் இருக்கிறார்கள், கொட்டு கேட்கப் போனால் திடலில் உடற்பயிற்சிப் பாட்டு ஓடும். போய் ஏமாந்து வந்தவன் சொல்கிறேன். பாட்டு கேட்க நம்வொன் போகலாம், இல்லை ஜிந்தோ தீவு, இரண்டிலும் தேசிய கூகக் (கொரிய மரபிசை) மையத்தின் கிளை இருக்கிறது. பான்சொரி என்ற கதைப்பாட்டு, ஒருவர் பாட ஒருவர் புக் மேளம் தட்டுவது, முழுதாகப் பாடினால் மணிக்கணக்கில் போகும், இன்றைக்கு மிஞ்சியிருப்பது ஐந்து கதைகள்தான். நடுவில் நீங்களும் "ஒல்சிகு", "சால் ஹந்தா" என்று குரல் கொடுக்கலாம், கொடுக்கவேண்டும். கச்சேரியில் பலே, சபாஷ் என்பது மாதிரிதான், ஆனால் தாளத்தில் விழவேண்டும். நான் தப்பான இடத்தில் கத்தியபோது பக்கத்துப் பாட்டி தொடையில் ஒரு தட்டு தட்டி அடுத்த இடத்தைக் கண்ணால் காட்டினார். அந்த ஒரு தட்டுக்காகவே மறுபடி போவேன்.

சுவோன்வாசி:
எல்லோருக்கும் நன்றி. சைவத்துக்கு யாரும் வாய் திறக்கவில்லையே?

மருமகள்_சுன்சாங்:
மறந்துவிட்டேன் தம்பி. கிம்ச்சியில் மீன் ஊறல் இருக்கும், குழம்புக்கு நெத்திலித் தண்ணீர், கேட்டால் "கொஞ்சம்தான்" என்பார்கள், அதனால் கிம்ஜாங் உங்களுக்குக் கஷ்டம். தேபொரும் பரவாயில்லை: ஐந்து தானியச் சோறும், இலையுதிர் காலத்தில் காயவைத்த கீரை, கத்தரி, பூசணி பொரியல்களும்தான் அன்றைக்கு முக்கியம். பொரியலுக்கு நெத்திலித் தண்ணீர் விட்டார்களா என்று மட்டும் முன்கூட்டியே கேளுங்கள். கவலையே வேண்டாம் என்றால் ஒரு இரவு பௌத்தக் கோயிலில் தங்குங்கள், இறைச்சி மீனோடு பூண்டு வெங்காயமும் கிடையாது. கோயில் சமையலில் விலக்கும் ஐந்து பொருளில் ஒன்று பெருங்காயமாம், இங்கே அதை யார் பார்த்தார்கள் என்று நான் மாமியாரிடம் கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை.

ஜொன்ஜுக்காரன்:
கிராமத்துப் பஸ் நாளைக்கு நாலைந்து தடவைதான், கடைசி பஸ் சாயங்காலமே போய்விடும். முழு நிலா ஏறிய பிறகு வைக்கோலும் பைன் கிளையும் குவித்த கூட்டைக் கொளுத்துவார்கள், அதைப் பார்க்காமல் பஸ்ஸைப் பிடிக்க ஓடாதீர்கள். அறையை ஊரிலேயே போடுங்கள். வெறும் கையோடு போகவேண்டாம், ஒரு பெட்டி ஆப்பிள் போதும்.