புதுப்பிப்பு: அழுகிய ஹாரிசியானம் என்ன ஆனது?

என் பழைய ஹாரிசியானம் ஆர்க்கிட் செடியின் தூர் நடுவே அழுகுகிறது, பிரிக்கலாமா என்று எட்டு மாதம் முன்பு கேட்டிருந்தேன். பிரித்துவிட்டேன். மூன்றில் இரண்டு பிழைத்தன.

1869இல் முதன்முதலாகப் பூத்த ஹாரிசியானம்தான், பாஃபியோபெடிலம் என்ற ஆர்க்கிட் வகையின் முதல் கலப்பினம். விதை போட்டு வளர்த்தால் வருவது அதன் பிள்ளைகள்தான், அதே செடி அல்ல. திசு வளர்ப்பும் இந்த வகைக்குச் சரியாகக் கைகொடுப்பதில்லை. ஆகவே, தூர் பிரித்துக் கைமாறி வந்ததால்தான் பழைய செடிகள் இன்றும் இருக்கின்றன. அதனால்தான் அவ்வளவு பயந்தேன்.

வைரஸ் பரவாமலிருக்க, கத்தியை ஒவ்வொரு வெட்டுக்கும் தீயில் காட்டினேன். ஒற்றைக் குருத்தாகப் பிரித்ததுதான் செத்தது; அது என் அவசரம். மூன்று குருத்துகள் சேர்ந்திருந்த துண்டுகள் தாங்கின. நேற்று தொட்டியில் நிரப்பியிருந்த மரப்பட்டைத் துண்டுகளை லேசாக விலக்கிப் பார்த்தேன்: பழுப்பு ரோமம் மூடிய புது வேர், நுனி மட்டும் வெளுப்பாக. அப்புறம், அடியில் ஒரு பக்கக்கன்றும் எட்டிப் பார்க்கிறது!

பெயர்ச்சீட்டை இரண்டு தொட்டியிலும் எழுதி வைத்துவிட்டேன். ஒன்று வேறொருவர் வீட்டுக்குப் போகிறது.