தேவதைக் கதைகளைக் காதல் நாவலாக்கிப் பிள்ளைகள் கையில் கொடுக்கலாமா?

பாலக்கோட்டார்:
மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். இந்த விடுமுறையில் அவள் படித்த ஐந்து நாவல்களில் நான்கு, பழைய தேவதைக் கதைகளை டீன் ஏஜ் காதலாகத் திருப்பி எழுதியவை. இரண்டை நானும் படித்தேன். நடை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 16 வயதுப் பெண் எந்தக் கதவைத் திறந்தாலும் அந்தப் பக்கம் ஒரு இளவரசன் நிற்கிறான். 18 முடிவதற்குள் பெண்ணைக் கட்டிக்கொடுக்கும் பழக்கம் இன்னும் ஒழியாத மாவட்டம் நம்முடையது. இங்கே இது தேவையா? ஜெர்மனியின் கிரிம் சகோதரர்கள் தொகுத்த சிண்டிரெல்லாவில், செருப்புக்குள் நுழைவதற்காக மாற்றாந்தாயின் மகள்களில் ஒருத்தி கால்விரலை வெட்டிக்கொள்கிறாள், இன்னொருத்தி குதிகாலை. கத்தியை எடுத்துக் கொடுப்பது பெற்ற தாய். அரண்மனைச் சம்பந்தம் என்றால் என்னவென்று அந்த ரத்தம் சொல்லிவிடுகிறது. அதைத் துடைத்துவிட்டுக் காதலை மட்டும் ஏன் கொடுக்கிறார்கள்?

ஓசூர் ஷிப்ட்:
அண்ணா, எல்லோரும் துடைத்துவிடவில்லை. 2012-ல் வந்த மரிசா மேயரின் ‘சிண்டர்’ படித்துப் பாருங்கள். அதில் சிண்டிரெல்லா ஒரு மெக்கானிக். உடம்பில் ஒரு பகுதி இயந்திரம். அரண்மனைப் படிக்கட்டில் கழன்று விழுவது செருப்பில்லை, அளவு சேராத அவளுடைய இரும்புப் பாதமே. நான் உதிரிபாகக் கம்பெனியில் வேலை செய்கிறேன். நைட் ஷிப்ட் முடிந்து பஸ்ஸில் வரும்போது அந்தப் பக்கத்தைப் படித்தேன். நகக்கண்ணில் கிரீஸ் போகாத ஒருத்தியைக் கதாநாயகியாக அதுவரை நான் பார்த்ததே இல்லை. முதல் புத்தகம் முடியும்போது அவள் இருப்பது சிறையில், மணமேடையில் இல்லை.

காரிமங்கலம் வாசகி:
திருப்பிச் சொல்வதில் எனக்கு ஆட்சேபணை கிடையாது. நம் பக்கத்துக் கூத்தில் ஜமாவுக்கு ஜமா, அதாவது குழுவுக்குக் குழு, திரௌபதி வேறு மாதிரிதான் பேசுவாள். ஆனால் துகில் உரிந்தவன் மேலேயே அவளுக்குக் கடைசியில் காதல் வந்தது என்று எந்த ஜமாவும் ஆடியதில்லை. ‘அழகியும் மிருகமும்’ கதையை எடுத்துக்கொள்ளுங்கள். மிருகத்தின் தோட்டத்தில் அப்பா ஒரு ரோஜாவைப் பறித்துவிட்டார், அதற்கு ஈடாக மகள் மிருகத்திடம் போகிறாள். 1756-ல் பிரெஞ்சு எழுத்தாளர் போமோன் அதைச் சுருக்கி எழுதியதே இளம்பெண்கள் படிப்பதற்காகத்தான். நிலம் வெளியே போகக்கூடாது என்று என் அம்மாவை 15 வயதில் மாமனுக்குக் கொடுத்தார்கள். எனக்கு அது கதையாகத் தெரியவில்லை. இப்போதைய நாவல்களில் அடைத்து வைத்தவனுக்கு நீலக் கண்ணும் அகன்ற தோளும் வந்துவிட்டன. அவ்வளவுதான் மாற்றம்.

ஓசூர் ஷிப்ட்:
அம்மாவைப் பற்றிப் படித்தபோது மனசு கனத்துவிட்டது அக்கா. ஆனாலும் ஒன்று சொல்லியாக வேண்டும். அதே போமோன் கதையில் மிருகம் தினமும் இரவுச் சாப்பாட்டு நேரத்தில் வந்து, “என்னைக் கட்டிக்கொள்வாயா?” என்று கேட்கிறது. தினமும் அவள் மாட்டேன் என்கிறாள். மறுநாளும் அவளுக்குச் சாப்பாடு உண்டு, மரியாதை உண்டு, அடி இல்லை. நம் வீடுகளில் அந்தக் கேள்வியை ஒரு பெண்ணிடம் ஒரு தடவையாவது கேட்டிருக்கிறார்களா? ‘மாட்டேன்’ என்று சொல்லலாம் என்பதே எனக்கு அங்கேதான் தெரிந்தது.

காரிமங்கலம் வாசகி:
பூட்டிய வீட்டுக்குள் கேட்கிற கேள்வி, கேள்வியா தங்கச்சி? அப்பாவைப் பார்க்க வேண்டும் என்று அவள் அழுத பிறகு ஊருக்கு அனுப்புகிறதே, அங்கிருந்து திரும்பி வருகிறாளே, அந்த இடத்தை ஒத்துக்கொள்கிறேன். அதற்கு முன்னால் நடப்பது காதல் இல்லை.

பாலக்கோட்டார்:
சரிம்மா, ‘சிண்டரை’ மகளோடு சேர்ந்து நானும் படிக்கிறேன். இளவரசர்களைப் பற்றிய என் கோபம் போகவில்லை. ஆனால் தினமும் கேட்டது, தினமும் மாட்டேன் என்றது, அதை இதுவரை நான் கவனிக்கவே இல்லை. இன்று ராத்திரி அந்தப் பகுதியை எடுத்துக் காட்டச் சொல்லி மகளிடம் கேட்கப் போகிறேன். போன வாரம் அவளை ஒரு வார்த்தை கேட்காமல் ஒரு ஜாதகத்தை வாங்கி வைத்தேன். அதையும் அவளிடம் சொல்ல வேண்டும்.